இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை?

தருமபுரி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின கதையைப் படித்துவிட்டேன். ஒகேனக்கல் ஆற்றில் பெண் பிணம். பத்தாவது பக்கத்திலேயே பேய் வந்து கொலைகாரன் பெயரைக் கண்ணாடியில் எழுதிவிடுகிறது. அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை?

2009-இல் வந்த அறிவழகனின் 'ஈரம்' படத்தை மறுபடி போட்டுப் பார். குளியல் தொட்டியில் செத்தவள் தண்ணீர் வழியாகத்தான் வருவாள் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதனால் கோர முகம் எதுவும் தேவைப்படவில்லை, ஈரத்தைக் கண்டாலே பயம் வந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சா படத்தை மங்கின நிறத்திலேயே ஓட்டி, சிவப்பை மட்டும் தூக்கிக் காட்டுகிறார். சிவப்பு தெரிந்தாலே துப்பு. புருஷன் மட்டும் குற்றவாளி இல்லை, அக்கம்பக்கத்துப் புரளியும் கூட்டு என்று வைத்தது கதையிலேயே நல்ல இடம்.

ஆனால் அந்தச் சிவப்புதான் ஓட்டையும். விசாரிக்கிற போலீஸ் அதிகாரி வாசுதேவன் மூளையால் கண்டுபிடிப்பதைவிட, காட்டின பக்கம் போவதுதான் அதிகம். தண்ணீர்க் கட்டும் கடைசியில் தளர்ந்து, பேய் ஆள் உடம்புக்குள் புகுந்துவிடுகிறது. திருச்சிக் காதல் கொஞ்சம் நீளம்.

உன் கதைக்கு வருகிறேன். வீட்டுத் தொட்டியில் அமுக்கிக் கொன்று, ஆற்றில் போட்டதாக மாற்று. உயிரோடு ஆற்றில் மூழ்கினவர் நுரையீரலுக்குத் தண்ணீரோடு டயாட்டம் என்ற நுண்பாசியும் போகும். இதயம் துடிக்கிற வரை அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை சேரும். செத்தபின் போட்டால் மஜ்ஜைக்குப் போகாது. தொடை எலும்பு மஜ்ஜையையும் ஆற்றுத் தண்ணீரையும் ஒப்பிடச் சொல்லி இன்ஸ்பெக்டரே கேட்கட்டும். இது மட்டும் வைத்துத் தீர்ப்பு வராது. சில சமயம் மூழ்கினவருக்கே கிடைக்காமல் போகும். அந்தச் சந்தேகத்தில்தான் உன் இடைவேளை இருக்கிறது. பேய் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறாய். 7 வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை உண்டு. உன் கதையில் ஆர்டிஓவே இல்லை! கதை இப்போது நடக்கிறது என்றால் எஃப்ஐஆரில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவைப் போடாதே. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 194-ஆம் பிரிவு.

கிளைமாக்ஸில் பேய்க்குப் பயந்து கொலைகாரன் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிறான். போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க நிற்காது. அவன் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது மீட்டால் அந்த அளவுக்குச் செல்லும். அவள் கொலுசைத் தொட்டியின் வடிகாலில் வை.

இன்னொன்று, பரிசல் காட்சியை ஆடியில் வைத்திருக்கிறாய். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். மாசிக்கு மாற்றிக்கொள்.

அப்பா