சனிக்கிழமை இறுதிச் சுற்று: பள்ளிப் போட்டிகளை நடத்தும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கணிதம், ரோபாட்டிக்ஸ், விவாதம், விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் குழுக்களில் தன்னார்வலர்களாகப் பணியாற்றும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் உள்ள ஒரு யூத உயர்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். நான் யூதன் அல்லன். அச்சமயத்தைப் பற்றி நான் அறிந்தவை பெரும்பாலும் என் மாணவர்கள் சொல்லித் தந்தவை. இம்மடலைத் தமிழில் எழுதக் காரணம் ஒன்றுதான். மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் செல்லும் போட்டிகளில் பதிவு மேசையிலும் நடுவர் இருக்கையிலும் நம்மவர்கள் பலரைக் காண்கிறேன். அடுத்த கல்வியாண்டின் போட்டி நாட்கள் முடிவாகும் அறையிலும் நீங்கள் இருப்பீர்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று வைக்கும் போட்டியில் அதைக் கடைப்பிடிக்கும் பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாது. நாட்கள் அச்சேறுவதற்கு முன் நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் இரண்டு பள்ளிக்கூடங்கள். காலைத் தொழுகைக்குப் பின் தோரா என்னும் வேதம், சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத், எபிரேய மொழி. அதன் பிறகே கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் வரலாறும். மற்றப் பள்ளிகளின் பிள்ளைகள் வீடு திரும்பி வெகுநேரம் ஆன பிறகும் எங்கள் வகுப்பறைகளில் விளக்கு எரியும். ஆண்டின் இறுதி மாதங்களில் இந்தச் சுமை மேலும் கூடும். பாஸ்கா திருநாள் முடிந்ததும் யூத இனப்படுகொலையின் நினைவு நாள், அடுத்த வாரம் இஸ்ரேல் வீரர்களின் நினைவு நாள், மறுநாளே அந்நாட்டின் விடுதலை நாள் என்று துக்கமும் கொண்டாட்டமும் அடுத்தடுத்து வரும். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகளுக்கு உரியவை. இதற்கிடையில்தான் பட்டமளிப்பும், இஸ்ரேலில் ஓராண்டு படிக்கச் செல்வோரின் பயண ஏற்பாடுகளும்.

இவ்வாண்டின் இறுதியில் நான் கண்ட ஒரு காட்சியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தல்மூதின் ஒரு பகுதியை முழுவதுமாகப் படித்து முடித்தார்கள். இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒருவரோடொருவர் வாதிட்டுப் படிப்பதே அவர்கள் முறை. முடிக்கும் நாளுக்கு 'சியும்' என்று பெயர். கடைசிச் சில வரிகளை வேண்டுமென்றே படிக்காமல் வைத்திருந்து, பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருக்கும்போதுதான் படிப்பார்கள். படித்து முடித்ததும், மூடப்போகும் அந்த நூலையே விளித்து, "நாங்கள் உன்னிடம் திரும்பி வருவோம், நீயும் எங்களிடம் திரும்பி வருவாய்" என்று அரமேய மொழியில் மூன்று முறை சொல்வார்கள். அதைச் சொன்ன மாணவனின் கைவிரல்களில் அன்று காலை நான் நடத்திய நுண்கணிதத் தேர்வின் மை இன்னும் இருந்தது. படிப்பை இவ்வளவு மதிக்கும் பிள்ளைகளைப் போட்டியில் எதிர்கொள்வது எவருடைய பிள்ளைக்கும் பெருமையே.

அடுத்த வாரம் பரிசளிப்பு விழா நடந்தது. முதியோர் இல்லத்தில் ஆண்டு முழுவதும் பணிபுரிந்தவர்கள், வேதாகம வினாப் போட்டியில் தேறியவர்கள், கூடைப்பந்து அணியினர் என்று வரிசையாக மேடையேறினார்கள். எங்கள் கணிதக் குழுவின் நால்வர் மட்டும் இருக்கையிலேயே இருந்தார்கள். இரண்டு சுற்றுகளில் வென்று இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தவர்கள் அவர்கள். இறுதிச் சுற்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு பேரும் தனி அறையில் கண்காணிப்பாளர் ஒருவரின் முன்னிலையில் எழுதிவிடட்டும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எழுதட்டும் என்றும் கேட்டேன். விதியில் இடமில்லை என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. அந்தச் சனிக்கிழமை இரவு மணி ஒன்பதரை இருக்கும், ஓய்வுநாள் முடிந்து கைபேசியைத் தொடலாம் என்றானதும், நால்வரில் ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். எங்களுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. "வினாத்தாள் கிடைக்குமா, சார்? போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருந்தாள்.

ஓய்வுநாள் என்பது ஏதோ விருப்பத்துக்குக் கடைப்பிடிக்கும் விடுமுறை என்று எண்ணுவோர் உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும் வரை அது நீடிக்கிறது. அந்நேரத்தில் எழுதக் கூடாது, காரில் ஏறக் கூடாது, மின்விளக்கின் விசையைக்கூடத் தொடக் கூடாது. எங்கள் பகுதியில் டிசம்பரில் மாலை நான்கு மணியளவிலேயே அது தொடங்கிவிடும். ஜூனில் எட்டு மணிக்கு மேல். ஆகவே வெள்ளிக்கிழமை என்று பொதுவாகச் சொல்வதும் போதாது, மணியையும் பார்க்க வேண்டும்.

"ஒரு பள்ளிக்காக மாற்றினால் எல்லோரும் கேட்பார்களே" என்பதே நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. நடந்தவற்றைப் பாருங்கள். 2012இல் ஹூஸ்டன் நகரின் பெரன் அகாதமி என்னும் யூதப் பள்ளியின் கூடைப்பந்து அணி டெக்சாஸ் தனியார் பள்ளிகளின் அரையிறுதிக்கு வந்தபோது, ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவில் வைக்கப்பட்டிருந்தது. மாற்ற முடியாது என்று முதலில் மறுத்த சங்கம், பெற்றோரும் மாணவரும் நீதிமன்றத்தை நாடிய பின்னரே அதைப் பிற்பகலுக்கு மாற்றியது. அவர்கள் வென்றார்கள், ஓய்வுநாள் முடிந்த பின் சனிக்கிழமை இரவு நடந்த இறுதி ஆட்டத்தில் 46க்கு 42 என்று தோற்றார்கள். ஆடித் தோற்பதற்கும் ஆடாமலே விலகுவதற்கும் உள்ள தொலைவு அந்த வயதில் மிகப் பெரியது. மாதிரி வழக்காடு மன்றப் போட்டியிலும் 2005இல் நியூ ஜெர்சி யூதப் பள்ளி ஒன்றுக்காகத் தேசியச் சுற்றின் நேரம் மாற்றப்பட்டது. இனி மாற்றுவதில்லை என்று அமைப்பாளர்கள் பின்னர் முடிவெடுத்தபோது, நியூ ஜெர்சியும் வட கரோலினாவும் விலகி வேறொரு போட்டியையே தொடங்கின. 2009இல் அதே தேசியப் போட்டியில் மாசசூசெட்ஸின் மைமோனிடிஸ் என்னும் யூதப் பள்ளிக்கும் கடும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே வழி பிறந்தது.

இது யூதர்களுக்கு மட்டுமான சிக்கலும் அன்று. 2022 பிப்ரவரியில் அலபாமாவில் ஓக்வுட் என்னும் அட்வெண்டிஸ்ட் கிறித்தவப் பள்ளியின் அணி, தன் ஓய்வுநாளான சனிக்கிழமை மாலை அரையிறுதி ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சில மணிநேரம் தள்ளி வைத்திருந்தாலே அவர்கள் ஆடியிருப்பார்கள். அதன் பின் அங்கே விதியே திருத்தப்பட்டது. பல மாநிலச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் வைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாட்காட்டி ஏற்கெனவே ஒரு சமயத்தின் ஓய்வுநாளை மதித்துத்தான் எழுதப்படுகிறது.

நமக்கு இது புதிய வலியும் அன்று. 2025 ஜனவரியில் பொங்கலன்று பட்டயக் கணக்காளர் தேர்வும், மறுநாள் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் வைக்கப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து எழுந்த எதிர்ப்பை நீங்களும் அறிவீர்கள். இரண்டும் வேறு நாட்களுக்கு மாற்றப்பட்டன. அப்போது நாம் சலுகையா கேட்டோம்?

நான் கேட்பது பெரிய மாற்றம் அன்று. இறுதிச் சுற்றைச் சனிக்கிழமை வைத்தே ஆக வேண்டுமென்றால், ஓய்வுநாள் கடைப்பிடிக்கும் குழுவுக்கு வெள்ளிக்கிழமை பகலிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ மாற்று நேரம் உண்டு என்ற ஒரு விதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு நெடுங்காலமாகவே இருக்கிறது. வினாத்தாள் இரகசியம் காப்பதற்கும் அங்கே வழி இருக்கிறது. தகுதி பெற்ற பிறகு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மன்றாடி நிற்கும் நிலை வரக் கூடாது.

2027இல் பாஸ்கா ஏப்ரல் 22 முதல் 29 வரை. ஷாவுவோத் திருநாள் ஜூன் 11, 12 ஆகிய வெள்ளியும் சனியும். இரண்டுமே முந்தைய நாள் மாலையில் தொடங்கிவிடும். உங்கள் குழு அடுத்த முறை கூடும்போது இந்த நாட்களை மேசைமேல் வையுங்கள். மாற்றுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளர் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும், எவ்வளவு தொலைவானாலும் நான் வந்து அமர்கிறேன். அந்த நால்வரில் இருவருக்கு இன்னும் ஓராண்டு படிப்பு இருக்கிறது.

அன்புடனும் மதிப்புடனும்,
கணித ஆசிரியர் ஒருவர்,
நியூ ஜெர்சி