மூன்று பந்திக்குள் நான்கு ‘திமிர்’

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ‘பந்தை மட்டும் பாருங்கள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கறுப்பின வீரர்கள் மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்து விளையாட்டைக் கெடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். பால் தேத்தண்ணியோடு வாசிக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது. பேனையை எடுத்து ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு போனேன். முதல் மூன்று பந்திக்குள் ‘திமிர்’ நான்கு இடத்தில் இருந்தது. ‘நன்றியில்லாத’ இரண்டு இடத்தில். அந்த வீரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

26 வருஷம் உதைபந்தாட்ட நடுவராக விசில் ஊதினவன் நான். பிழை நடந்தால் ஊத வேண்டும் என்பது கைவிட முடியாத பழக்கமாகிப் போச்சு. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் தரவுப் பிழை. அமெரிக்கன் ஃபுட்போல் வீரர் கொலின் கெப்பர்னிக் தன் நாட்டுப் படையினரை அவமதிக்கவே முழங்காலில் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2016 ஓகஸ்டில், போட்டிப் பருவம் தொடங்குமுன் நடக்கும் ஆட்டங்களில், தேசிய கீதம் இசைத்தபோது அவர் வாங்கிலேயே இருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு நிருபர்கள் கேட்டபோதுதான் சொன்னார்: தெருவில் உடல்கள் கிடக்கின்றன, கொன்ற பொலிஸ்காரர்கள் சம்பளத்தோடு விடுமுறையில் போகிறார்கள், இப்படியொரு நாட்டின் கொடிக்கு நான் எழுந்து பெருமைப்பட முடியாது என்று. அதைக் கேட்டு மனம் நொந்த ஒரு முன்னாள் படைவீரர், நேட் போயர் என்பவர், அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்தார்கள். வாங்கில் இருப்பதை விட முழங்காலில் நில், இறந்துபோன தோழனின் கல்லறைக்கு முன்னால் படைவீரன் அப்படித்தான் நிற்பான் என்று சொல்லிக்கொடுத்ததே அந்தப் படைவீரர்தான். செப்டம்பர் 1 ஆம் திகதி ஆட்டத்தில் கெப்பர்னிக் முதன்முதலாக முழங்காலில் நின்றார். நீங்கள் படையினருக்கு அவமதிப்பு என்று எழுதினது ஒரு படைவீரர் காட்டிக்கொடுத்த மரியாதையை.

2013 இல் தன் அணியை சூப்பர் போல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன அந்த மனிதரை 2017 மார்ச்சுக்குப் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. உங்கள் கட்டுரையில் இதுவும் இல்லை. இருந்திருந்தால் ‘புகழுக்காகச் செய்தார்’ என்ற வரியை எழுதியிருக்க முடியாது.

தெருவில் உடல்கள் என்ற அந்தப் பேச்சைத் திருகோணமலையில் இருந்து வாசிக்கும் ஒருவருக்கு 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் நினைவு வராமல் போகாது. அதற்கு மேல் நான் இங்கே எழுதவில்லை. தேசிய கீதத்தைப் பற்றியும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2016 சுதந்திர தின விழாவில் அது தமிழிலும் பாடப்பட்டது, 2020 இல் பாடப்படவில்லை. அப்போது நீங்கள் எழுதிய தலையங்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். நல்ல தலையங்கம். ஒரு கீதம் ஒருவனுக்குள் எதையெல்லாம் கிளப்பும் என்று அதில் விளங்கி எழுதின அதே அலுவலகத்தில்தான் இந்தக் கட்டுரையும் அச்சானது.

உங்கள் தலைப்புக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 2018 பெப்ரவரியில் லெப்ரோன் ஜேம்ஸ் என்ற கூடைப்பந்து வீரர் அப்போதைய ஜனாதிபதி டிரம்ப்பைக் குறைகூறிக் கதைத்தார். ஃபொக்ஸ் தொலைக்காட்சியின் லோரா இங்ரஹாம், வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று தன் நிகழ்ச்சியில் அவருக்குப் புத்தி சொன்னார். நீங்கள் அதை மரியாதைப் பன்மையில் தமிழாக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதே வருஷம் ஜேம்ஸ் தன் சொந்த ஊரான அக்ரனில் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறக்க வழி செய்தார். இதைச் சொல்வதால் அவரை விமர்சிக்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். 2019 ஒக்டோபரில் ஹொங்கொங் போராட்டக்காரருக்கு ஆதரவாகப் பதிவு போட்ட ஓர் அணி முகாமையாளரைப் பார்த்து, விஷயம் தெரியாமல் பேசிவிட்டார் என்று இதே ஜேம்ஸ் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்படி ஒன்றை எடுத்து, இந்த இடத்தில் சறுக்கினீர் என்று எழுதினால் அது விமர்சனம். ஆளையே எடுத்து ‘திமிர்’ என்றால் அது வேறு சாமான்.

சரி, வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதைத்தானே போடுகிறோம் என்பீர்கள். அங்கேதான் எனக்கும் கவலை. மன்செஸ்டர் சிட்டி என்ற இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். இருவரும் தாய்க்கு வீடு வாங்கினார்கள். ஒரே ஆங்கிலப் பத்திரிகை இரண்டையும் செய்தியாக்கியது. டொசின் அடராபியோயோ கறுப்பர். அவருடைய செய்தித் தலைப்பில் வயது 20, வாரச் சம்பளம் 25,000 பவுண், வீட்டு விலை 22.5 இலட்சம் பவுண், பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டமாவது தொடக்கத்திலிருந்து ஆடியதில்லை என்ற குத்தல், எல்லாம் இருந்தது. தாயைக் காணோம். ஃபில் ஃபோடன் வெள்ளையர். இளம் நட்சத்திரம் தன் அம்மாவுக்கு 20 இலட்சம் பவுணில் புது வீடு வாங்கினார் என்று அவருக்குத் தலைப்பு. 2018 டிசம்பரில் அதே அணியின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டேர்லிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இன்ஸ்டகிராமில் போட்டார். அதற்கு முதல் நாள் செல்சி மைதானத்தில் ரசிகர்கள் அவரைப் பார்த்துத் தூஷணம் கத்தியிருந்தார்கள். அவர் ரசிகர்களோடு நிற்காமல் பத்திரிகைகளின் சட்டையைப் பிடித்தார். இப்படி எழுதுகிறவர்கள்தான் அப்படிக் கத்துகிறவர்களுக்குத் தீனி போடுகிறார்கள் என்றார்.

எங்கள் ஊரில் கட்டாருக்கும் டுபாய்க்கும் போன பிள்ளைகள் முதலில் செய்வது தாய்க்கு வீடு கட்டுவதுதான். குடிபுகும்போது ஊரே போய்ப் பால் பொங்கப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வரும். அந்தப் பிள்ளை இன்னும் ‘சுப்பவைசர்’ ஆகவில்லையே என்று எவராவது கேட்டதுண்டா?

அடுத்தது நீங்கள் போட்ட படம். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக், 200 மீற்றர் பரிசளிப்பு மேடை. கறுப்புக் கையுறையோடு உயர்ந்த இரண்டு கைகள், அதற்குக் கீழே ‘ஒலிம்பிக்கை அசிங்கப்படுத்திய நிமிடம்’ என்ற வரி. ஆசிரியரே, அந்தப் படத்தை இடுப்போடு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டப்பட்ட பாதியில்தான் விஷயம் கிடக்கிறது. டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும் சப்பாத்தில்லாமல், கறுப்புக் காலுறையோடு மேடையில் நின்றார்கள். கறுப்பின மக்களின் வறுமைக்கு அடையாளமாக. ஸ்மித் அன்று ஓடினது 19.83 செக்கன், உலக சாதனை. உலகத்திலேயே வேகமாக ஓடின கால் சப்பாத்தில்லாமல் நின்று சொன்ன செய்தியை நீங்கள் கத்தரிக்கோலால் எடுத்துவிட்டீர்கள். இடது பக்கத்தில் நின்ற வெள்ளையர், அவுஸ்திரேலியாவின் பீற்றர் நோர்மன், அவரும் படத்தில் இல்லை. அவர் நெஞ்சிலும் மற்ற இருவரும் குத்தியிருந்த அதே மனித உரிமைச் சின்னம் இருந்தது. 2006 இல் நோர்மன் இறந்தபோது பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

அந்த நாளில் சிக்காகோப் பத்திரிகை ஒன்றில் பிரென்ட் மஸ்பேர்கர் என்ற இளம் நிருபர் அந்த இருவரையும் கறுப்புத் தோல் கொண்ட நாஸிப் படையாட்கள் என்ற பொருளில் எழுதினார். வீரர்கள் இருவரும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எழுதினவர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விளையாட்டு வர்ணனையாளர்களில் ஒருவராக உயர்ந்தார்.

கிரிக்கெட் இல்லாமல் எங்கள் வாசகர்களுக்கு ஒன்றும் இறங்காது என்பதால் அதையும் சொல்கிறேன். என் அண்ணர் மேற்கிந்தியப் பைத்தியம். 1976 இல் இங்கிலாந்து அணித்தலைவர் டொனி கிறெய்க், தென்னாபிரிக்காவில் பிறந்த வெள்ளையர், அங்கே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், மேற்கிந்தியரைக் காலில் விழுந்து ஊர வைப்பேன் என்று சொன்னதையும், ஓவலில் மைக்கல் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்ததையும் அண்ணர் இராமாயணம் மாதிரிச் சொல்லுவார். ஆனால் அண்ணர் உட்பட நாங்கள் எல்லோரும் அந்தப் பந்துவீச்சாளர்களுக்கு வைத்த பெயர் ‘ராட்சதர்’. அன்டி ரொபேர்ட்ஸ் முதலில் ஒரு மெதுவான பௌன்சர் போடுவார், துடுப்பாட்டக்காரர் ஆசையோடு அடிப்பார். பிறகு அதே கைவீச்சில் வேகமான மற்றது வரும், ஆள் போய்விடுவார். ராட்சதன் இப்படியா யோசிப்பான்?

அந்த ஹோல்டிங் 2020 ஜூலையில், மழையால் ஆட்டம் நின்றிருந்த சவுத்ஹம்டனில், நிறவெறியைப் பற்றி நேரலையில் கதைத்தார். மறுநாள் பேட்டியில் தன் பெற்றோரைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டு அழுதுவிட்டார். அப்பா மிகக் கறுப்பு என்பதற்காக அம்மாவின் வீட்டார் அம்மாவோடு கதைப்பதையே நிறுத்தினார்களாம். எனக்கு அது ஜமேக்காக் கதையாகப் படவில்லை. உங்கள் ஞாயிறு பதிப்பின் ‘மணமகள் தேவை’ பகுதியில் ‘வெள்ளை நிறம்’ கேட்டு ஏழு விளம்பரம் எண்ணினேன். விளையாட்டுப் பக்கத்துக்கு நேர் முதுகில்.

அதே மாதம் தென்னாபிரிக்காவின் கறுப்பினப் பந்துவீச்சாளர் மகாயா நிட்டினியும் வாய் திறந்தார். 101 டெஸ்ட் ஆடியவர். அணி பஸ்ஸில் ஏறாமல் பையைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு ஹோட்டலில் இருந்து மைதானத்துக்கு ஓடியே போவாராம். பஸ்ஸில் அவர் பின்னால் இருந்தால் மற்றவர்கள் முன்னால் போய் இருப்பார்கள். அந்தத் தனிமைக்குப் பயந்துதான் ஓடினேன் என்றார். விளையாடும் காலத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் அவருக்கும் உங்கள் பக்கத்தில் ஒரு ‘திமிர்’ விழுந்திருக்கும்.

1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்னில் முரளிதரனை நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவருக்குள் ஏழு முறை ‘நோபோல்’ என்றபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதினதை நீங்கள் மொழிபெயர்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பதில் எழுதினீர்கள். பல நாள் எழுதினீர்கள்.

இவ்வளவும் எழுதுகிற எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஏகாம்பரம் மைதானம், 17 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். ஒரு பக்கத்தில் பாலையூற்றுப் பெடியன் ஒருவன், சுருட்டை முடி. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் வரை இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளம் சிறாம்பியடியில் இருப்பதைப் பலர் அறிவார்கள், எங்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். அவன் பந்தைத் தொட்டால் போதும், மதில் பக்கத்தில் இருந்து ‘காப்பிலி, காப்பிலி’ என்று கத்துவார்கள். எனக்கும் கேட்டது. மைதானச் சத்தம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதியில் பந்து வெளியே போய் அவனுக்கு ‘த்ரோ’ கிடைத்தது, அந்த மதில் பக்கத்திலேயே. அவன் பந்தைச் சுண்ணாம்புக் கோட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓடிப்போய், “ஏன்டா எறியேல்ல?” என்றேன். “அவங்கள் நிப்பாட்டட்டும் சேர்” என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் மதிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரத்தை வீணாக்கியதற்காக மஞ்சள் அட்டை காட்டினேன். சனம் கை தட்டியது, எனக்குத்தான்.

போட்டி அறிக்கையின் கார்பன் பிரதி இன்னும் என் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் ‘ஒழுங்கீனம்’ என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே ‘வேறு குறிப்புகள்’ என்று நான்கு கோடு போட்ட இடம், வெறுமையாக. அடுத்த நாள் ஒரு பத்திரிகை நிருபர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் செய்தி எழுதினார். ‘ஒழுங்கீனம்’ அவருடைய பேனையில் ‘திமிர்’ ஆகிவிட்டது. அந்தப் பெடியனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. சந்தைப் பக்கம் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி “சேர் சுகமா?” என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் அந்த அட்டையைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கெப்பர்னிக் பற்றிய பிழைக்கு அதே பக்கத்தில், மூலையில் ஒளிக்காமல், ஒரு திருத்தம் போடுங்கள். மெக்சிக்கோப் படத்தை வெட்டாமல் முழுதாக, கால் தெரியப் போடுங்கள். நேட் போயரின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று உங்கள் அலுவலகத்தில் வாதம் வந்தால் நான் எழுதியபடியே விட்டுவிடுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதைபந்தாட்ட நடுவர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.