கிட்லாப்–ஜிரா இணைப்பு அறுந்தால் எங்கே பார்ப்பது: கிழக்கின் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சொந்தச் சேர்வரில் கிட்லாப் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களும், வந்தாறுமூலை முதல் ஒலுவில் வரையுள்ள கணினி ஆய்வுகூடப் பொறுப்பாளர்களும்

அன்புடையீர்,

வணக்கம். கோட் இங்கே அலுவலகச் சேர்வரில், கோட்டைச் சேமித்து நிர்வகிக்கும் கிட்லாப்பில் கிடக்கிறது. செய்ய வேண்டிய வேலையின் பட்டியல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஜிராவில், அதாவது ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதியும் மென்பொருளில் இருக்கிறது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் பல சிறு நிறுவனங்களின் நிலை இதுதான். இரண்டையும் சேர்க்கும் இணைப்பு ஒருநாள் பேசாமல் நின்றுவிட்டால், கிட்லாப்பை அழித்து மீண்டும் நிறுவுவது, எல்லாத் தடைகளையும் திறந்துவிடுவது, யாரோ ஒருவரின் அட்மின் கணக்கைப் போட்டுச் சமாளிப்பது என்று வைத்தியம் போகிறது. மூன்றும் வேண்டாம். அவற்றில் பின்னைய இரண்டும் உங்கள் அனுமதியோடு நடப்பவை என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

முதலில் திசை. கொமிட் செய்தியில் (கோட் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பில்) டிக்கெட் எண்ணைக் கண்டதும் கிட்லாப்தான் ஜிராவைக் கூப்பிடுகிறது. ஜிரா கிட்லாப்பைக் கூப்பிடுவதில்லை. ஆகவே ஜிராவின் இணையப் பதிப்பான ஜிரா கிளவுட்டில், அந்த டிக்கெட்டின் கீழ் கருத்து விழுவதற்கு உங்கள் சேர்வரிலிருந்து 443 போர்ட்டில் வெளியே போக முடிந்தால் போதும். இதற்காக மாதாமாதம் காசு கட்டி நிலையான ஐபி வாங்கத் தேவையில்லை. டிக்கெட்டின் பக்கவாட்டில் கோட்டின் கிளைகளையும் அவற்றை ஒன்றுசேர்க்கும் மேர்ஜ் கோரிக்கைகளையும் காட்டும் பெட்டிக்கான ஆப் வேறு கதை: அதை இணைக்கும்போது உங்கள் கிட்லாப் இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக, செல்லுபடியாகும் சான்றிதழோடு இருக்க வேண்டும். 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் சேர்வரை வைத்திருப்போர் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபியை (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான வீச்சில் இருந்தால் அந்த முகவரியைப் பலர் பகிர்கிறார்கள் என்று பொருள். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. அந்த நிலையில் ஆப்பை விட்டுவிட்டு, கருத்து விழும் எளிய இணைப்போடு நிறுத்திக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

கருத்து விழுகிறது, ஆனால் அதிலுள்ள சுட்டியை வாடிக்கையாளர் அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லையா? கிட்லாப் அமைப்புக் கோப்பில் வெளி முகவரி என்று எழுதியிருப்பதே சுட்டியாகப் போகிறது. அங்கே 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அது உங்கள் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்கும்.

அதிகம் இடறும் இடம் அடையாளம். ஜிரா கிளவுட்டில் பயனர் பெயர் என்ற கட்டத்தில் மின்னஞ்சல் முகவரி வர வேண்டும். பாஸ்வேர்ட் கட்டத்தில் ஏபிஐ டோக்கன் (மென்பொருள் உள்நுழைவதற்கென அந்தக் கணக்கில் எடுக்கும் இரகசியக் குறியீடு) வர வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்காது. புதிதாக எடுக்கும் டோக்கன்களுக்கு அதிகபட்ச ஆயுள் ஒரு வருடம். போன வருடம் இதே மாதம் அமைத்த இணைப்பு இன்று 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) என்று சொன்னால் வேறெங்கும் தேடாதீர்கள், டோக்கன் காலாவதியாகிவிட்டது.

வாடிக்கையாளர் தன் சொந்தச் சேர்வரில் ஜிரா டேட்டா சென்டர் வைத்திருந்தால் பிழை 403 (அனுமதி மறுப்பு) ஆக வரலாம். யாரோ ஜிராவில் பாஸ்வேர்டை மாற்றுகிறார், கிட்லாப்பில் மாற்ற மறந்துவிடுகிறார். ஒரே தள்ளலில் (புஷ்) நாலைந்து கொமிட் போனால் கிட்லாப் பழைய பாஸ்வேர்டோடு நாலைந்து முறை கதவைத் தட்டுகிறது. வழமையான அமைப்பில் மூன்று தவறான முயற்சிக்குப் பிறகு ஜிரா கேப்ட்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துப் படம்) கேட்கும். மென்பொருளால் அந்தப் படத்தைப் படித்து எழுத முடியாது. அதன் பிறகு சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 403தான். பலர் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். அந்தக் கணக்கால் உலாவி வழியாக ஒருமுறை உள்நுழைந்து கேப்ட்சாவைத் தீர்த்துவிட்டு, கிட்லாப்பில் புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள். கிட்லாப் 16 முதல் டேட்டா சென்டருக்குத் தனிநபர் அணுகல் டோக்கனையே கொடுக்கலாம். அதற்கு மாறினால் இந்தத் தொல்லை விட்டது.

கிட்லாப்பின் இணைப்புப் பக்கத்திலுள்ள சோதனைப் பொத்தான் பச்சையாக வந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். அடைய முடிகிறது என்பது வேறு, எழுத முடிகிறது என்பது வேறு. இணைப்புக் கணக்குக்கு அந்த ஜிரா திட்டத்தில் பார்க்க, கருத்திட, இணைப்புச் சேர்க்க, நிலை மாற்ற என நான்கு அனுமதிகள் வேண்டும். அட்மின் அனுமதி தேவையே இல்லை.

வாடிக்கையாளரின் ஜிரா விபிஎன் வழியாக 10-இல் தொடங்கும் முகவரியில் இருந்தால், உள்வலையமைப்புக்கான கோரிக்கைக்கு அனுமதி இல்லை என்று கிட்லாப்பே மறுத்துவிடும். இது பழுதல்ல, பாதுகாப்பு. நிர்வாகப் பகுதியில் வலையமைப்பு அமைப்புகளுக்குள் வெளிச்செல்லும் கோரிக்கைகள் என்ற பிரிவில் இரண்டு வழி உண்டு. உள்வலையமைப்பு முழுவதையும் அனுமதிக்கும் பெட்டியில் சரி போடுவது ஒன்று. கீழேயுள்ள அனுமதிப் பட்டியலில் ஜிராவின் ஒரேயொரு முகவரியை மட்டும் எழுதுவது மற்றது. முதலாவதைச் செய்தால், இணைப்பு அமைக்க அனுமதியுள்ள எவரும் உங்கள் சேர்வரைக் கொண்டே அலுவலகத்தின் மற்ற இயந்திரங்களைத் தட்டிப் பார்க்கலாம். இரண்டாவதைச் செய்யுங்கள்.

சான்றிதழ் சரிபார்ப்புப் பிழை வந்தால், சொந்தமாகச் சான்றிதழ் வழங்கும் வாடிக்கையாளரிடம் அவரது மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கிட்லாப் அமைப்பு அடைவிலுள்ள நம்பகச் சான்றிதழ்களுக்கான அடைவில் வைத்து, ரீகன்ஃபிகர் கட்டளையை ஓட்டுங்கள். அதற்கு முன் சேர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்பைச் சேர்வராக்கி, யூபிஎஸ் இல்லாமல் வைத்திருக்கும் இடங்களில் கரண்ட் போய் வந்தபின் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கணினி நினைக்கும். இரண்டாம் படி உள்நுழைவுக் குறியீடும் ஏற்காவிட்டால் சந்தேகமே வேண்டாம், கடிகாரம்தான். தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 பற்றரியை மாற்றி, நேர ஒத்திசைவை இயக்கி விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கொமிட் வழியாக டிக்கெட் தானாக மூடப்படவில்லை என்றால் எழுத்தைப் பாருங்கள். டிக்கெட் எண் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். குளோசஸ், ஃபிக்சஸ் போன்ற சொல் எண்ணுக்கு முன்னால் வர வேண்டும். கொமிட் இயல்புக் கிளையை (டிஃபோல்ட் பிராஞ்ச், திட்டத்தின் முதன்மைக் கிளை) அடைந்திருக்க வேண்டும். மாஸ்டர், மெயின் என்று இரண்டும் கிடக்கும் பழைய திட்டங்களில் இது அடிக்கடி கோட்டை விடப்படுகிறது. ஜிராவில் அந்த டிக்கெட்டின் தீர்வுக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கிட்லாப் அதைத் தொடாது. நிலை மாறும்போது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றை வாடிக்கையாளர் வைத்திருந்தாலும் கோரிக்கை தோற்கும். நிலைமாற்ற எண்ணைக் கைமுறையாகக் கொடுப்போர், அது பணியோட்டத்துக்குப் பணியோட்டம் வேறுபடும் என்பதை மறக்க வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. யு.டி.எஃப்-8, எஸ்.எச்.ஏ-256 போன்ற தொழில்நுட்பப் பெயர்களைக் கொமிட்டில் எழுதினால் அவையும் டிக்கெட் எண் போலவே தோன்றும், கிட்லாப் அவற்றை ஜிராவில் தேடும். கிட்லாப் 15.10 முதல் டிக்கெட் முன்னொட்டை வரையறுக்கலாம், அதை நிரப்பிவிடுங்கள்.

ஜிராவுக்குப் பதிலாக ரெட்மைன் என்ற டிக்கெட் மென்பொருளை வைத்திருக்கும் ஆய்வுகூடங்களுக்கு ஒரு சொல். கிட்லாப்பின் ரெட்மைன் இணைப்பு சுட்டி மட்டுமே தரும், கருத்து எழுதாது. டிக்கெட் முகவரியில் எண் வரும் இடத்தில் முக்காற்புள்ளியும் ஐடி என்ற சொல்லும் (:id) வர வேண்டும். உண்மையான ஒரு டிக்கெட்டின் முகவரியை ஒட்டினால் எல்லாச் சுட்டியும் அந்த ஒன்றுக்கே போகும். ரெட்மைனுக்குள் கோட் தெரிய வேண்டுமானால் அதே இயந்திரத்தில் கோட்டின் மிரர் நகல் ஒன்றை வைத்து, கிரோன் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) வழியாகப் புதுப்பிக்க வேண்டும்.

புதிய சேர்வருக்கு மாறிய பிறகு இணைப்புப் பக்கமே 500 (சேர்வரின் உட்பிழை) என்று விழுந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கிட்லாப்பின் வழமையான பேக்கப்பில் இரகசியக் கோப்பு சேராது. டோக்கன்கள் எல்லாம் அந்தக் கோப்பிலுள்ள சாவியால் பூட்டப்பட்டவை. பழைய வட்டை ஃபோமட் செய்துவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. தரவுத்தளத்திலுள்ள பழைய பதிவுகளைத் துடைத்து, புதிதாகக் கொடுக்க வேண்டும். சீக்ரெட்ஸ் என்ற அந்தக் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் பேக்கப்புக்கு வேறான ஓர் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இணைப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்று கொடுங்கள். ஜிரா கிளவுட்டின் இலவசத் திட்டம் 10 பேருக்கு மட்டும் என்பதால் ஓர் இடத்தை மிச்சம் பிடிக்க ஊழியர் ஒருவரின் டோக்கனில் ஓட்டுகிறீர்கள். அவர் விலகி, கணக்கு மூடப்படும் அன்றைக்கு எல்லாத் திட்டங்களும் ஒன்றாக நிற்கும். டோக்கன் முடியும் தேதியை, அதற்கு இரண்டு கிழமை முன்னதாகவே நினைவூட்டும்படி அலுவலக நாட்காட்டியில் போடுங்கள். சேர்வரோடு ரவுட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இணைப்பு நின்றால் உங்கள் பொறியியலாளர் முதலில் கிட்லாப்-ரெயில்ஸ் லொக் அடைவிலுள்ள இன்டக்ரேஷன்ஸ் லொக்கை (இணைப்புகளின் நிகழ்வுப் பதிவேட்டை) திறக்கட்டும்; 401, 403, சான்றிதழ், தடுக்கப்பட்ட முகவரி என்று காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த லொக்கை உதவிக்காக யாருக்கும் அனுப்புவதானால் மின்னஞ்சல்களையும் வாடிக்கையாளரின் முகவரிகளையும் மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கில் சேர்வர் பராமரிக்கும் சிலர்