அந்தப் பட்டியலில் 2014 இல்லை: ஐடி நிறுவனங்களின் எச்.ஆர். துறையினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஐடி நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் எச்.ஆர். துறையினருக்கு,

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்த வருடம் எது என்று கேட்கும். 2023-இல் நான் முதன்முதலாக அப்படி ஒரு கட்டத்தைத் தட்டியபோது 2021, 2022, 2023 என்று மூன்று வருடங்கள் மட்டும் வந்தன. நான் முடித்தது 2014. கட்டத்தை நிரப்பாவிட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அங்கே வந்து நின்றேன். எனக்கு வேலை தெரியுமா தெரியாதா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் அடுத்த பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவே இல்லை.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் ஊர் கோவில்பட்டி பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து என்னை பி.இ. இசிஇ படிக்க வைத்தார். எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் என்று வந்தவை இரண்டு பிபிஓக்கள் மட்டும்தான். படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போனேன். வேளச்சேரியில் ஐந்து பேராக ஓர் அறை எடுத்துத் தங்கி, கடன் வாங்கிய பணத்தில் ஜாவா கோர்ஸ் படித்து, அழைப்பில்லாமல் நேரில் போய்க் கலந்துகொள்ளும் வாக்-இன் இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் போய் வந்தேன். 2015 ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பினேன். அவரைக் குளிப்பாட்டவும் தூக்கி உட்கார வைக்கவும் வீட்டில் ஓர் ஆண் துணை தேவைப்பட்டது. தங்கை அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தொடங்கும் எட்டு வருடங்களைத்தான் நீங்கள் 'கேப்' என்கிறீர்கள்.

அந்த வருடங்களில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு உட்கார்ந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, இன்ஜினியரிங் கவுன்சலிங், டிஎன்பிஎஸ்சி என்று அங்கே வராத விண்ணப்பம் கிடையாது. கடைசி நாள் சாயங்காலம் சர்வர் படுத்துவிடும். பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் புகைப்படம் 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50-ஐத் தாண்டக் கூடாது. கையெழுத்து 10-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டும். ஒரு கேபி கூடினாலும் ஏறாது. ஓடிபி வராத போனை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி அழுவார். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்று ஒருவர் சட்டையைப் பிடிக்க வருவார். எந்தத் தளத்தில் எந்தப் பிழை வந்தால் என்ன செய்தால் சரியாகும் என்று ஒரு 192 பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வேன். அந்த நோட்டு முடிந்து இன்னொன்றும் வாங்கினேன்.

பிறகு உங்கள் துறைக்குள் வந்து பார்த்தபோது, பயனர்களின் புகார்களைத் தீர்த்துவைக்கும் சப்போர்ட் டெஸ்க்கில் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான் என்று தெரிந்தது. அங்கே நோட்டில் எழுதுவதற்குப் பதில் ஒவ்வொரு புகாரையும் கம்ப்யூட்டரில் பதிந்து, அதை டிக்கெட் என்கிறார்கள். ஆனால் என் ரெஸ்யூமில் அந்த எட்டு வருடம் பூஜ்யம்.

இன்னொரு பக்கம், எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரையும் போல நானும் அரசு வேலைக்குப் படித்தேன். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி குரூப் 4 எழுதினேன், கட் ஆஃப் எட்டவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது கொரோனா வந்தது. அடுத்த குரூப் 4 தேர்வு நடந்தது 2022 ஜூலை 24-இல். 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முடிவு வந்தது 2023 மார்ச் 24-இல். எட்டு மாதம் காத்திருந்து, இல்லை என்று தெரிந்துகொண்ட லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம் போயிருக்கிறது. அதில் ஒரு நாள்கூட நாங்கள் கேட்டு வாங்கியது இல்லை. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் 'கேப்' உள்ள ஒரு ரெஸ்யூமை எடுத்துப் பார்த்தால், அதற்குள் பெரும்பாலும் ஒரு நோயாளியோ ஒரு டிஎன்பிஎஸ்சி அறிவிப்போ இருக்கும். பெண்களுடையது என்றால் ஒரு கல்யாணமும் ஒரு குழந்தையும்.

வேலையில்லாதவனுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உண்டு. ஆனால் பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அது கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதோடு சரி.

குரூப் 4 முடிவு வந்த வாரமே முடிவு செய்தேன், திரும்பவும் கம்ப்யூட்டர் பக்கம் போவது என்று. தங்கைக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. 2 ஜிபி ரேம். அதில் விண்டோஸ் 7-உடன், அதைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருளான பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள், யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. விண்டோஸ் அதற்குள் உறைந்துபோய்விட்டது. லினக்ஸ் மட்டும் ஓடியது, அதனால் லினக்ஸ் கற்றுக்கொண்டேன். காலை ஐந்திலிருந்து எட்டு வரை, அப்பா எழும் முன்னால். கமாண்ட் லைன், நெட்வொர்க்கிங், எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான். சில மாதங்கள் அப்படிப் போயின.

விண்ணப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டம். அது இல்லாத படிவங்களிலும் வேறு வழியில் அதே கேள்வி வந்தது. 'பத்தாவது முதல் பட்டம் வரை 60 சதவீதம்' என்பதில் நான் தேறிவிடுவேன். அடுத்த வரியில் 'இடைவெளி 2 வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது' என்றிருக்கும். ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே சென்னை வந்து, எழும்பூரில் முகம் கழுவிவிட்டு, பஸ் மாறிச் சோழிங்கநல்லூரில் ஒரு வாக்-இன்னுக்குப் போனேன். கேட்டிலேயே மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "2014-ஆ? உங்களுக்கு இல்லை சார்" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கையில் கொடுத்திருந்த தாளில் அப்படி எழுதியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணையும் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அவர் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். குழந்தைப்பேற்றுக்காக விலகிய பெண்களைத் திரும்ப எடுக்கும் திட்டங்கள் சில நிறுவனங்களில் உண்டு, நல்ல விஷயம். ஆனால் அவை ஏற்கெனவே ஐடியில் வேலை பார்த்தவர்களுக்கானவை. ஃப்ரெஷர் என்றால் இந்த வருடம் முடித்திருக்க வேண்டும், திரும்பி வருகிறவர் என்றால் முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும். முதல் வேலையே கிடைக்காமல் போனவருக்கு இரண்டு கதவும் கிடையாது.

இப்போது, உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

அன்றைக்கு அந்த கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது கூடவே ஒருவர் வந்தார். ஒரு கன்சல்டன்சி என்றார். 80,000 ரூபாய் கொடுத்தால் மூன்று வருட அனுபவம் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர், போன் போட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்ல ஒரு மேனேஜர், எல்லாம் அந்தத் தொகைக்குள். பாதி முதலில், மீதி வேலை கிடைத்ததும். "உண்மையைச் சொன்னால் யாருமே கூப்பிட மாட்டாங்க தம்பி, நீங்களே பார்த்தீங்கல்ல" என்றார். அதில் அவர் பொய் சொல்லவில்லை. நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். என்னுடன் வேளச்சேரி அறையில் இருந்த ஒரு நண்பன் அப்படி ஒன்றை வாங்கி உள்ளே போனான். பதினோரு மாதம் நன்றாகவே வேலை பார்த்தான். பிறகு பின்னணிச் சரிபார்ப்பில், அவன் சொன்ன நிறுவனத்திலிருந்து அவனுடைய பி.எஃப். கணக்கில் ஒரு மாதம்கூடப் பணம் விழவில்லை என்று கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்கள். அவனுக்கு இப்போது நிஜமாகவே இருக்கும் அந்தப் பதினோரு மாத அனுபவத்தையும் எங்கேயும் சொல்ல முடியவில்லை.

உங்கள் விதி செய்வது இதைத்தான். எட்டு வருடம் வேலையில்லை என்று உண்மையை எழுதினால் முதல் சுற்றுக்கு முன்பே ரெஸ்யூம் கீழே போகிறது. மூன்று வருடம் வேலை பார்த்ததாகப் பொய் எழுதினால் இன்டர்வியூவுக்கு அழைப்பு வருகிறது. போலி அனுபவச் சான்றிதழைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். சரிபார்ப்புக்கு நிறுவனங்களை அமர்த்திப் பணம் செலவழிக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைக்கு வாடிக்கையாளர்களை அனுப்பி வைப்பது உங்கள் படிவத்தில் இருக்கும் அந்தக் கட்டம்தான். அதை எடுத்துவிட்டால் அந்த 80,000 ரூபாய் வியாபாரத்தில் பாதி தானாகவே படுத்துவிடும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் இப்போது அறிவேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் எடுக்கும்போது முதல் சுற்றை நான்தான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கு இடம் என்று போட்டால் மூன்று நாளில் ஐந்நூறு ரெஸ்யூம் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் படிக்க முடியாது, எதையாவது வைத்துக் கழிக்கத்தான் வேண்டும். படித்தது மறந்திருக்கும் என்ற பயமும் வெறும் பயம் இல்லை, மறக்கத்தான் செய்யும். ஆனால் மறந்துவிட்டாரா என்பதை அரை மணி நேரத் தேர்வு ஒன்று சொல்லிவிடும். ஆயிரம் பேருக்கு ஆன்லைனில் தேர்வு வைக்க உங்களிடம் ஏற்கெனவே வசதி இருக்கிறது. 2014 என்ற எண் எதையும் சொல்லாது.

எனக்கு வேலை கிடைத்த கதையும் அப்படித்தான். மதுரையில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன நிறுவனம். அங்கே வருடம் கேட்கவில்லை. ஒரு சர்வரைக் கொடுத்து, வெப்சைட் திறக்கவில்லை, ஒரு மணி நேரத்தில் காரணம் சொல்லுங்கள் என்றார்கள். சர்வர் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் லாக்கைப் பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லை என்கிறது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்டைப் போட்டால் பாதிக்கு மேல் காலி என்று காட்டுகிறது. பத்து நிமிடம் எதுவும் ஓடவில்லை. அப்புறம் ஐநோடு கணக்கைப் பார்த்தேன், நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு, அதாவது அதன் விவரங்களை வைத்திருக்கும் ஒரு பதிவு வேண்டும். பூஜ்யம் அளவுள்ள சின்னஞ்சிறு செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்து, இடம் இருந்தும் புதிதாக ஒரு கோப்பை உருவாக்க முடியாமல் செய்திருந்தன. பழையவற்றை அழித்ததும் வெப்சைட் வந்துவிட்டது. அது முடிந்த பிறகுதான் தேர்வை நடத்திய மேடம் கேட்டார், "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று. பையிலிருந்த இரண்டு நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். மாதம் 14,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது வயது 31.

அதே கேள்விதான். தேர்வுக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் குற்றவாளியைப் போல விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். பின்னால் கேட்டதால் என் வேலையைப் பற்றிப் பேச முடிந்தது. உங்களுக்கு இதனால் ஆகக்கூடிய செலவு எதுவும் இல்லை.

ஆகவே நான் கேட்பது சலுகை அல்ல. கேப் உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம், தேர்வை எளிதாக்கவும் வேண்டாம். வருடத்தை வைத்துக் கழிப்பதை நிறுத்துங்கள். எல்லாப் பதவிகளுக்கும் உடனே முடியாது என்றால் சப்போர்ட், டெஸ்டிங் இரண்டிலும் தொடங்குங்கள். இடைவெளியைப் பற்றி ஒருமுறை கேளுங்கள், தேர்வு முடிந்த பிறகு கேளுங்கள். நான்கு சுற்றில் நான்கு பேர் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேலை கொடுக்கும் கிளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்வீர்கள். கிளையன்டுக்கு அனுப்பும் ரெஸ்யூமில் ஆறு மாதம் உங்கள் உள் வேலைகளில் பழகியவர் என்று எழுத உங்களால் முடியும், அது உண்மையாகவும் இருக்கும். பட்டம் வாங்காத பிளஸ் டூ, டிப்ளமோ மாணவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைப்பதை ஜோஹோ ஏறத்தாழ இருபது வருடமாகச் செய்துவருகிறது. காகிதத்தைத் தாண்டி ஆளைப் பார்க்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது. அதுவும் இளையவர்களுக்குத்தான் என்பதால்தான் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்த பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது வேறொரு தம்பி உட்கார்ந்திருக்கிறான். பி.எஸ்சி. கணிதம். நான் விட்டுவந்த பழக்கத்தை அவனும் பிடித்துக்கொண்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறான், என்னுடையதைவிட ஒழுங்காக எழுதுகிறான். காலையில் லினக்ஸ் படிக்கிறான். நேற்று எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். உங்களில் ஒருவருடைய படிவம்தான் அது. வருடக் கட்டத்தைத் தட்டி வைத்திருக்கிறான், மூன்று வருடங்கள் தெரிகின்றன. கீழே "அண்ணே, இதுல என்ன போடறது?" என்று கேட்டிருக்கிறான்.

அவன் 2018-இல் முடித்தவன். அவனுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சப்போர்ட் இன்ஜினியர்