அப்பாவ திருப்பிக் குடுத்தவங்களுக்கு பகாவ்லேர்ந்து ஒரு நன்றி

மலேசியாவுல நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ்லயும் சுத்துவட்டாரத் தோட்டங்கள்லயும் இருக்குற எல்லாருக்கும், அதோட இதைப் படிக்கவே போறதில்லாத ஒரு கூட்டத்துக்கும் வணக்கம்.

2021 ஜனவரியில எங்கப்பாவுக்கு கோவிட் வந்து செரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இங்க பாதி பேருக்குத் தெரியும், மீதி பேருக்கு வாட்சப் குரூப் சொல்லியிருக்கும். இப்ப மனுஷன் நல்லா இருக்காரு, சாயங்காலமானா கோப்பிக் கடையில உக்காந்து அரசியல் பேசிக்கிட்டு இருக்காரு. ஆனா அண்மையில ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர், கொரோனாவாவது ஒண்ணாவது, டாக்டருங்க என்ன பெருசா பண்ணிட்டாங்க, பனடால் குடுத்துப் படுக்க வச்சாங்க, உங்கப்பனுக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லிட்டு பாயாசம் குடிக்கப் போயிட்டாரு. ஆயுசு கெட்டிதான், இல்லேங்கல. ஆனா அந்த ஆயுசை யார் யாரு புடிச்சு நிறுத்துனாங்கன்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அதைச் சொல்லாம இருக்க முடியல.

மொதல்ல நம்ம ஊர் ஆளுங்க. தோட்டத்து கிளினிக்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆன டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஐயா, உங்களுக்குத்தான் மொத கும்பிடு. அப்பாவுக்கு லேசா காய்ச்சல், சோறு எறங்கல, அவ்வளவுதான், வாசல்ல நின்ன உங்ககிட்ட ஜன்னல் வழியா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, மூச்சு வாங்கக்கூட இல்ல. நீங்கதான் விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பார்க்குற அந்த மெஷினை கேட்ல தொங்கவிட்டு போட்டுப் பாருன்னு சொன்னீங்க, விரலை மாத்தி மாத்தி வச்சும் 88ஐத் தாண்டல. நல்லா பேசுறாரேன்னு பார்க்காதம்மா, இந்த நோயில ஆளு சிரிச்சுக்கிட்டே இருப்பான் உள்ள ஆக்சிஜன் எறங்கிக்கிட்டு இருக்கும், இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடுன்னு சத்தம் போட்டீங்க. 2020 ஆரம்ப மாசங்கள்ல உலகம் பூரா அவசரப் பிரிவு டாக்டருங்க இதை கவனிச்சு எழுதி வச்சிருந்தாங்க, அதை நீங்க ரிட்டையர் ஆனப்பறமும் ஃபோன்ல தேடிப் படிச்சு வச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் அப்பா பொழைச்சாரு.

நாங்க வெளிய வர முடியாம இருந்தப்ப அரிசி சாமான் கொண்டாந்து கேட்ல வச்சுட்டு கடனை நோட்டுல எழுதிக்கிட்ட மளிகைக் கடை தவ்கே (முதலாளி), எங்க வீட்டைப் பார்த்து யாரும் மூஞ்சியைத் திருப்பக்கூடாதுன்னு தினமும் வேலி ஓரமா நின்னு குரல் குடுத்த பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), ஆட்டுக்கு தழை வெட்டிப் போட்ட கோயில் பசங்க, எல்லாருக்கும் நன்றி. வார்டுல இருந்த அந்தத் தமிழ் மிஸி (நர்ஸ்) யாருன்னு இன்னும் எனக்குத் தெரியாது, மொகத்தை மூடியிருந்ததால கண்ணு மட்டும்தான் வீடியோ கால்ல பார்த்தேன். அப்பாவுக்கு மலாய் டாக்டர் சொல்றது புரியாதப்பல்லாம் நீங்கதான் பக்கத்துல நின்னு சொன்னீங்களாம், குப்புறப் படுங்க தாத்தான்னு கெஞ்சிக் கெஞ்சிப் படுக்க வச்சீங்களாம். அவரு வீட்டுல ஒரு பேச்சு கேக்காத ஆளு, எப்படித்தான் படுக்க வச்சீங்களோ. இந்தக் குப்புறப் படுக்கறதும் சும்மா ஆஸ்பத்திரி வழக்கம் இல்ல, நுரையீரல் கெட்டு வெண்டிலேட்டர்ல கெடக்கறவங்களை அப்படிப் படுக்க வச்சா சாவு கொறையுதுன்னு 2013லயே பிரான்சு டாக்டருங்க நிரூபிச்சிருந்தாங்க, கோவிட் வந்ததும் வெண்டிலேட்டர் போடாத ஆளுங்களுக்கும் அதைச் செஞ்சு பார்த்தாங்க.

டாக்டரம்மா ஃபோன்ல சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, ஆக்சிஜன் குடுக்குறோம், டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு குடுக்குறோம், இனிப்புநீர் ஏறும், அதுக்கு இன்சுலின் போட்டுக்குறோம், பயப்படாதீங்க. எனக்கு அந்த மருந்துப் பேரு வாய்ல நுழையல, என் கடையில ஃபோட்டோஸ்டேட் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். அப்பா திரும்பி வந்தப்பறம், கூட்டமில்லாத நேரத்துல அதைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன், அங்கதான் எனக்கு யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கோம்னு தெரிஞ்சுது.

விஷயம் என்னன்னா, 2020 ஜனவரியில ஸ்டீராய்டை இந்த நோய்க்கு வழக்கமா குடுக்காதீங்கன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்துச்சு. சில டாக்டருங்க குடுத்தாங்க, சில பேர் குடுத்தா கெடுதல்னு சொன்னாங்க, யாருகிட்டயும் சரியான ஆதாரம் இல்ல. அப்பதான் இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க, பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லான்ட்ரேன்னு ரெண்டு பேரு தலைமையில, மார்ச் மாசமே ரிக்கவரின்னு ஒரு ஆராய்ச்சியைத் தொடங்குனாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிகிட்ட சம்மதம் கேட்டு, முடியாதவங்களுக்கு வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு, யாருக்கு மருந்து யாருக்கு இல்லேன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி எடுக்கும், டாக்டருக்குப் புடிச்ச ஆளுக்குக் குடுக்கறது கெடையாது. 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோன், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாள் கழிச்சுப் பார்த்தா வெண்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மருந்து கெடைக்காத 100 பேருக்கு 41 பேர் எறந்திருக்காங்க, மருந்து கெடைச்சவங்கள்ல 29 பேர்தான். வெறும் ஆக்சிஜன்ல இருந்தவங்கள்ல மருந்து கெடைக்காத 100 பேருக்கு 26 பேர், கெடைச்சவங்கள்ல 23 பேர். ஆக்சிஜனே வேணாம்னு இருந்தவங்களுக்கு ஒரு பலனும் இல்ல, கெடுதலாக்கூட இருக்கலாம்னு தெரிஞ்சுது, அதனால இதை வீட்டுல வாங்கிப் போட்டுக்குற மருந்துன்னு நெனைக்காதீங்க. 2020 ஜூன் 16ல இதை உலகத்துக்குச் சொன்னாங்க. அறுவது வருஷமா இருக்குற, எந்த ஊர்லயும் கெடைக்குற, விலை கொறைஞ்ச மருந்து. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பகாவ்லேர்ந்து போற ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அதேதான், லண்டன்ல படுத்திருக்குற பெரிய மனுஷனுக்கும் அதேதான்.

அப்பா வெறும் ஆக்சிஜன்ல இருந்த ஆளு. 26க்கும் 23க்கும் நடுவுல 100க்கு 3 பேர். அந்த 3 பேர்ல எங்கப்பா ஒருத்தரா, இல்ல மருந்து இல்லாமயும் பொழைச்சிருப்பாரான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, இதை யோசிச்சு யோசிச்சு நான் ராத்திரி தூக்கம் இல்லாம படுத்திருக்கேன். சொல்ல முடியாதுன்றதுக்காக நன்றி சொல்லாம இருக்க முடியுமா? முக்கியமா அந்த 4,321 பேருக்கு. சீட்டுல மருந்து வராத பக்கம் விழுந்தவங்க. அவங்க இல்லேன்னா 29ன்னு ஒரு நம்பர் மட்டும் தனியா நிக்கும், அது நல்லதா கெட்டதான்னு யாருக்கும் தெரியாது. அவங்கள்ல நாலுல ஒரு பங்குக்கு மேல எறந்துட்டாங்க. மூச்சு விட முடியாம கெடக்குறப்ப ஒரு ஃபாரம் நீட்டுனா சரின்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும், அந்த மனசு எனக்கு இருக்குமான்னு தெரியல.

இந்த ரெண்டு கூட்டமா பிரிச்சுப் பார்க்குற வேலை நம்ம மாநிலத்துக்குப் புதுசு இல்லேன்னு தெரிஞ்சப்ப எனக்கே ஆச்சரியமா போச்சு. நூறு வருஷத்துக்கு முந்தி மலாயாவுல பெரிபெரின்னு ஒரு நோய், காலு வீங்கி, நரம்பு செத்து, இதயம் நின்னு ஆளுங்க கொத்துக் கொத்தா போனாங்க. பிராடன்னு நெகிரி செம்பிலான்ல இருந்த ஒரு டாக்டர் கவனிச்சாரு, சயாம் பச்சரிசி தின்ன சீனத் தொழிலாளிங்களுக்கு இது வருது, புழுங்கல் அரிசி தின்ன தமிழாளுங்களுக்கு அவ்வளவா வரல. அப்பறம் ஃப்ரேசர், ஸ்டான்டன்னு ரெண்டு பேரு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஆளுங்க, 1907ல இதே நம்ம டுரியான் தீப்புஸ் பக்கம் ரோடு போட வந்த ஜாவாக்காரங்களை ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் தீட்டுன வெள்ளை அரிசி, ஒரு பக்கம் புழுங்கல் அரிசின்னு குடுத்துப் பார்த்தாங்க, வெள்ளை அரிசி பக்கம் நோய் வந்துச்சு, மாத்திக் குடுத்தா நோயும் பக்கம் மாறுச்சு. அந்த ரோட்டு ஆளுங்களுக்கு என்ன நடக்குதுன்னு முழுசா சொன்னாங்களான்னு எனக்கு சந்தேகம்தான், அந்தக் காலத்துல கூலிக்காரனை யாரு கேட்டா. ஆனா நம்ம பாட்டனுங்க கப்பல்ல வந்தும் விடாத புழுங்கல் சோறு ஒரு ஆராய்ச்சிக்கே வழி காட்டியிருக்கு. அதே கழகம்தான் 2020லயும் ராப்பகலா மூக்குல குச்சி விட்டு எடுத்ததையெல்லாம் சோதிச்சுது.

அந்த சோதனையே எப்படி வந்துச்சுன்னு பாருங்க. ஷாங்ஹாய்ல ஜாங் யோங்ஜென்னு ஒரு விஞ்ஞானி, அவரோட கூட்டமும் சேர்ந்து வைரஸோட மரபணுவை முழுசா படிச்சு, ஆஸ்திரேலியாவுல இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் மூலமா 2020 ஜனவரி 11ல உலகத்துக்கே தொறந்து விட்டாங்க, காசு கேக்கல. அதை வச்சு பெர்லின்ல கிறிஸ்தியான் ட்ரோஸ்டன் கூட்டம் பிசிஆர்னு வைரஸைக் கண்டுபுடிக்குற சோதனை முறையை ஜனவரி நடுவுக்குள்ளயே எழுதிக் குடுத்துட்டாங்க. ஜனவரி 25ல மலேசியாவுல மொத மூணு கேஸ். நோய் வாசல்ல வந்து நிக்கும்போது கண்டுபுடிக்குற வழி நம்ம கையில இருந்துச்சு. 1998ல நிப்பா வந்தப்ப இப்படி இல்ல, அதுவும் நம்ம போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் பெலாண்டோக்ல நிறைய பேரைக் கொண்டு போன நோய், கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு நெனைச்சு மாசக்கணக்கா கொசு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மலாயாப் பல்கலைக்கழக டாக்டர் சுவா காவ் பிங்தான் இது வேற வைரஸ்னு 1999ல கண்டுபுடிச்சாரு. பன்னியிலேர்ந்து மனுஷனுக்கு வந்த நோய் அது, அங்க பன்னி வளர்த்த குடும்பங்களுக்கு அந்த மாசங்களோட விலை தெரியும்.

மலேசியா டாக்டருங்களும் சும்மா இல்ல. 2020 பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும் 18 ஆஸ்பத்திரியில சேர்ந்த 5,889 பேரோட கார்டை எல்லாம் எடுத்து, சுங்கை பூலோ ஆஸ்பத்திரி டாக்டர் பெனடிக்ட் சிம் கூட்டம் ஒரு கட்டுரை எழுதுனாங்க, 51 வயசுக்கு மேல, கிட்னி வியாதி, பழைய நுரையீரல் வியாதி இருந்தா மோசமாகும்னு. வார்டுல நிக்கவே நேரமில்லாத அந்த மாசங்கள்ல ராத்திரி உக்காந்து கார்டு எண்ணியிருக்காங்க. சம்பளம் கூடியிருக்குமா? எனக்குத் தெரிஞ்சு இதுக்கெல்லாம் ஓவர்டைம் கெடையாது.

இன்னொரு நன்றி, இது வேலை செய்யாதுன்னு சொன்னவங்களுக்கு. நம்ம குரூப்ல அப்ப ஓடாத மருந்தா, மலேரியா மாத்திரை, பூச்சி மாத்திரை, மிளகு ரசம், நிலவேம்பு. ரசத்தை விடுங்க, அது சோத்துக்கு நல்லது. மலேரியா மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின் பலன் இல்லேன்னு அதே ரிக்கவரி ஆளுங்க 2020 ஜூன் 5ல சொல்லிட்டாங்க. பூச்சி மாத்திரை ஐவர்மெக்டினை நம்ம நாட்டுலயே ஈப்போ டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில 20 அரசாங்க ஆஸ்பத்திரியில 490 பேரை வச்சு 2021ல பார்த்தாங்க, மாத்திரை சாப்பிட்ட 241 பேர்ல 52 பேருக்கு நோய் முத்துச்சு, சாப்பிடாத 249 பேர்ல 43. ஒண்ணும் உபயோகமில்ல. திருட்டுத்தனமா மாத்திரை வித்தவன் சம்பாதிச்சான், இவங்களுக்கு ஃபேஸ்புக்ல திட்டு.

கோயில் கமிட்டிக்கும் ஒரு வார்த்தை. பஜனையை உள்ள வைக்காம வெளிய தகரக் கொட்டாய்க்கு மாத்துனப்ப நிறைய பேர் கோவிச்சுக்கிட்டாங்க, சாமிகிட்ட என்ன பயம்னு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல 2020 மார்ச் 10ல 61 பேர் ஒரே ரூம்ல ரெண்டரை மணி நேரம் பாட்டு ப்ராக்டிஸ் பண்ணி 53 பேருக்கு வந்து ரெண்டு பேர் எறந்துட்டாங்க, அதை அந்த ஊரு சுகாதார ஆபீஸ் ஆளுங்க ஒவ்வொருத்தரா விசாரிச்சு எழுதி வச்சாங்க. செயலாளர் அந்தச் செய்தியைத்தான் அன்னிக்கு மீட்டிங்ல படிச்சாரு. மாஸ்க் போடச் சொன்னதுக்கும் சண்டை, வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சதுன்னு ஒருத்தர். அண்ணே, 1910ல மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் வந்தப்ப பஞ்சும் துணியும் வச்சு மாஸ்க் கட்டச் சொன்னது பினாங்குல பொறந்த டாக்டர் வூ லியன் தே. அதை மதிக்காம மாஸ்க் இல்லாம வார்டுக்குள்ள போன பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதே நோயில போயிட்டாரு. கடைசி காலத்துல நம்ம ஈப்போவுல கிளினிக் வச்சிருந்த மனுஷன் அந்த டாக்டர் வூ.

அப்பா சொல்லச் சொன்னது ஒண்ணு இருக்கு. பக்கத்துக் கட்டில்ல இருந்த ரொம்பின் ஊர்ப் பெரியவர் மகனுக்கு நன்றியாம், அவரு கொண்டாந்து குடுத்த சார்ஜர்லதான் அப்பா எங்ககிட்ட பேசுனாராம். தம்பி, நீங்க யாருன்னு தெரியல, பகாவ் பக்கம் வந்தா பஸ் ஸ்டேஷன் பக்கத்துல ஃபோட்டோஸ்டேட் கடைன்னு கேளுங்க.

பேர் விட்டுப்போனவங்க கோவிச்சுக்காதீங்க, கடைக்கு வந்து திட்டிட்டுப் போங்க, தே தாரிக் என் கணக்கு. டிரஸ்ஸர் ஐயா, மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு வச்சிருக்கேன், பையனை அனுப்பி வாங்கிக்குங்க.

இப்படிக்கு,
ஃபோட்டோஸ்டேட் கடை அக்கா, பகாவ்