80 விழுக்காடு என்றால் எதில் 80?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் உடல்நலப் பக்கத்தில் வந்த நுரையீரல் பரிசோதனைக் கட்டுரையில் ஒரு வரி: "ஊதிப் பார்த்து 80 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் நலம், கீழே வந்தால் பழுது." தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் மியர்பேங்கிலும் அந்த வரியைத் தங்கள் சோதனைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களும் இருப்பார்கள், கலங்கியவர்களும் இருப்பார்கள். இரண்டுமே அவசரம். அந்த 80 எதில் 80 என்று கட்டுரை சொல்லவில்லை. நம்மவர்களுக்குச் சிக்கலே அங்கேதான்.

இந்த ஊதல் சோதனைக்குப் பெயர் ஸ்பைரோமெட்ரி. அதன் கருவி முக்கியமாக அளப்பது இரண்டு. மூச்சை முட்ட இழுத்து முழு வேகத்தில் ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்று ஒன்று; சீட்டில் எஃப்.இ.வி.1 என்று இருக்கும். ஊதித் தீர்த்த பிறகு வந்த மொத்தக் காற்று மற்றது, எஃப்.வி.சி. இரண்டும் லிட்டரில். விழுக்காடு அளந்து வந்ததன்று, வகுத்து வந்தது. அதே வயதும் உயரமும் உள்ள நலமான ஆணோ பெண்ணோ எவ்வளவு ஊத வேண்டும் என்று கருவிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பால் உங்கள் லிட்டரை வகுத்துத்தான் விழுக்காடு போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் நாம் இல்லை. உலகெங்கும் பரவலாகப் புழங்கும் 2012-ஆம் ஆண்டின் ஜி.எல்.ஐ. (உலக நுரையீரல் இயக்க முன்முயற்சி என்னும் பன்னாட்டுக் குழு) சமன்பாடுகள் 3 முதல் 95 வயது வரையுள்ள, புகைபிடிக்காத, நலமான 74,187 பேரின் ஊதல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு பிரிவுகள். எதிலும் சேராதவர்களுக்கு "மற்றவர் அல்லது கலப்பு" என்று ஐந்தாவது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களுக்குப் போதிய தரவு திரளாததால் தனிச் சமன்பாடு போடவில்லை. 1860-இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல் இன்று கருவியின் முன்னால் உட்கார்ந்தால் எந்தக் கட்டத்தில் போடுவது? எதிரே இருந்து சோதிப்பவர் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதையோ அழுத்துகிறார். "ஆசியர்" என்ற சொல்லைக் கண்டு தென்கிழக்கு ஆசியரை அழுத்துபவர் உண்டு. அந்தக் கணக்கோ தாய்லாந்து, தைவான், தென் சீனத்து மக்களுடையது. சில பழைய கருவிகளில், வெள்ளையர் அளவை எடுத்து அதில் 10 விழுக்காடு கழித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். 168 செ.மீ. உயரமுள்ள 55 வயது ஆண் முதல் விநாடியில் 2.40 லிட்டர் ஊதுகிறார் என்று வையுங்கள். எதிர்பார்ப்பு 3.20 என்றால் அவர் 75 விழுக்காடு. பத்து விழுக்காடு கழித்து எதிர்பார்ப்பை 2.88 ஆக்கிவிட்டால் அதே மனிதர், அதே மூச்சு, 83 விழுக்காடு. தங்கள் கட்டுரையின்படி முதல் சீட்டில் பழுது, இரண்டாவதில் நலம். தொழிற்சாலைப் புகையால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்டு நிற்பவருக்கு இந்த எட்டு விழுக்காடு சின்ன வித்தியாசமா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நோயாளிக்குச் சலுகைபோலத் தெரியும். உண்மையில் அது நோயை மறைக்கவும் செய்யும். அமெரிக்கத் தோட்ட மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கறுப்பினத்தவர் நுரையீரல் பிறப்பிலேயே குறைவானது என்று எழுதி, அதை அடிமை முறைக்கு நியாயமாகக் காட்டினார். மக்கள் கூட்டங்களுக்கிடையே சராசரி அளவு வேறுபடுவது உண்மைதான். அதில் உடல்வாகுக்கு எவ்வளவு பங்கு, சிறுவயதுச் சத்துக்குறைவுக்கும் புகைக்கும் எவ்வளவு என்று பிரித்தறியாமல், வேறுபாடு முழுவதையும் இயல்பு என்று கணக்கில் ஏற்றிவிட்டார்கள். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2023-இல் இனவாரிக் கணக்குகளைக் கைவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஜி.எல்.ஐ. உலகச் சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. அதுவும் நம் நுரையீரலை அளந்து செய்ததன்று. ஆனால் யார் எந்தக் கட்டம் என்று முகம் பார்த்து முடிவு செய்யும் வேலையாவது மிச்சம். இந்த நாட்டில் மக்களை இனவாரியாகப் பதிந்த சட்டம் 1991-இல் ஒழிந்தது. மூச்சுக் கருவியின் திரையில் அந்தக் கட்டம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நிம்மதி. முதல் விநாடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்த விகிதத்தை இனக் கட்டம் அதிகம் அசைப்பதில்லை. மூச்சுக்குழல் அடைப்பு உண்டா என்று அந்த விகிதத்தைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே நின்றால் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எண்ணுவது வழக்கம். கட்டத்தால் ஆடுவது, அடைப்பு எவ்வளவு கடுமை என்ற தரமும், நுரையீரல் சுருங்கியிருக்கிறது என்ற முடிவும். வயதும் ஒரு பக்கம் விளையாடும். எழுபதைத் தாண்டியவருக்கு 75 விழுக்காடுகூட இயல்பின் எல்லைக்குள் இருக்கலாம். அதனால்தான் புதிய சீட்டுகளில் இசட் மதிப்பு என்று ஓர் எண் அச்சாகிறது; அதே வயதும் உயரமும் உள்ள நலமானவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பதை அது காட்டும். அது கழித்தல் 1.645-க்குக் கீழே போனால்தான் இயல்புக்கு வெளியே. அப்போதும் நலமானவர்கள் நூற்றில் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள்.

இனக் கட்டத்தைப் பற்றி இவ்வளவு. சோதனை எடுக்கும் விதத்தால் எண் கெட்டுப்போவது இதைவிட அதிகம்.

முதல் தவறு உயரம். "எவ்வளவு உயரம்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நாற்பது வயதில் சொன்ன உயரத்தையே எழுபதிலும் சொல்வோம். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரோடு ஒட்ட நிறுத்தி அளக்க வேண்டும். 5 செ.மீ. கூட்டிச் சொன்னால் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 6, 7 விழுக்காடு ஏறிவிடும். நலமான மூச்சும் குறைவாகத் தெரியும். முதுகு கூனியவருக்குக் கைகளை விரித்து நுனிக்கு நுனி அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிப்பார்கள்.

இரண்டாவது, கருவி. 3 லிட்டர் ஊசிக் குழாயால் தினமும் காற்றை அடித்து, மெதுவாகவும் வேகமாகவும் செலுத்திச் சரிபார்க்க வேண்டும். 3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அன்று அந்தக் கருவியில் யாரையும் சோதிக்கக் கூடாது. "இன்று பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

மூன்றாவது, ஊதுகிற விதம். நிமிர்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், மூக்கில் கிளிப் போட வேண்டும். இனி இழுக்க இடமில்லை என்னும் வரை இழுத்து, இடையில் நிற்காமல் வெடித்தாற்போல ஊதிவிட்டு, விடாமல் தொடர வேண்டும். எதிரே இருப்பவர் "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று சத்தம் போடுவது எரிச்சலாக இருக்கும். ஆனால் சத்தம் போடாதவரிடம் எடுத்த சீட்டை நம்ப வேண்டாம். மூன்றே விநாடியில் விட்டுவிட்டால் மொத்தக் காற்று குறைவாகப் பதியும், விகிதம் செயற்கையாக ஏறும், அடைப்பு இருந்தும் இல்லாததுபோலத் தெரியும். கோடு தட்டையாகும் வரை ஊத வேண்டும். அது 15 விநாடியானாலும் சரி. தயங்கித் தயங்கித் தொடங்கினால் முதல் விநாடி வீண். முதல் விநாடிக்குள் இருமினாலும் அந்த ஊதலைத் தள்ளிவிட வேண்டும். பல்செட் தளர்ந்திருந்தால் உதட்டோரம் காற்று கசியும். இறுக்கமாக இருந்தால் கழற்ற வேண்டாம்.

ஒரே ஊதலில் தீர்ப்பெழுதக் கூடாது. ஏற்கத்தக்கவை குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டும் 150 மி.லி.க்குள் ஒத்திருக்க வேண்டும். எட்டு முறை ஊதியும் ஒத்துவராவிட்டால் பெரியவர்களை அதற்கு மேல் வதைப்பதில்லை. பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு முறை, பம்போடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வழியே கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் சொல்வார்கள். இந்தக் காத்திருப்பைப் பாதியில் வெட்டிவிட்டு "மருந்துக்கு மாற்றம் இல்லை" என்று எழுதினால் ஆஸ்துமாவைத் தவறவிடலாம்.

நோயைக் கண்டறியும் சோதனை என்றால் வீட்டிலேயே தயாரிப்பு தொடங்குகிறது. சால்புட்டமால் உள்ள நீலப் பம்பை 4 முதல் 6 மணி நேரம் எடுக்காமல் இருக்க வேண்டும். இப்ராட்ரோபியம் என்றால் 12 மணி, சால்மெட்டரால் அல்லது ஃபார்மோடெரால் கலந்த பம்ப் என்றால் 24 மணி, டியோட்ரோபியம் என்றால் 36 முதல் 48 மணி. மூச்சு முட்டினால் எடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று சொன்னால் போதும். தெரிந்த நோயைக் கண்காணிக்கத்தான் சோதனை என்றால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. எதற்காகச் சோதனை என்று நேரம் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரம் சிகரெட்டும் மின்சிகரெட்டும் (வேப்) கூடாது. ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களும் அண்மையில் கண், காது, வயிற்று அறுவை நடந்தவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு, இரவு வியர்வை என்றால் ஊதுவதற்கு முன்னால் சளியைக் கொடுங்கள். சளியில் காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை 2011 முதல் இந்நாட்டுப் பொது மருத்துவமனைகளில் இருக்கிறது. காசநோய் உள்ளவர் முழு விசையோடு ஊதினால் அந்த அறைக்கு அடுத்து வருபவருக்கு ஆபத்து. காசம் குணமான பிறகு ஊதிப் பார்ப்பது மிக அவசியம். அதைத்தான் நாம் செய்வதில்லை. மாத்திரை முடிந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். தழும்பு விழுந்த நுரையீரலில் அடைப்போ சுருக்கமோ தங்கிவிடலாம். 2007-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று 12 ஊர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஊதவைத்துப் பார்த்ததில், நடுத்தரமும் அதற்கு மேலுமான சிஓபிடி மிக அதிகமாக இருந்தது கேப் டவுனில்தான்: ஆண்களில் 22.2, பெண்களில் 16.7 விழுக்காடு. புகையிலையோடு, முன்பு வந்துபோன காசமும் அங்கே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

நம் தெருக்களிலேயே நடந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இடையில் இருந்த மியர்பேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில், 2000-களின் தொடக்கத்தில், சோதித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஆஸ்துமா தெரிந்தது. அதன்பின் தென் டர்பனில் நடந்த பெரிய ஆய்வில் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் ஒரே நாளில் பலமுறை கையடக்கக் கருவியில் ஊதினார்கள். அன்றன்றைய காற்றில் இருந்த மாசோடு அந்த ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டார்கள். அங்கே எந்த இனக் கட்டமும் குறுக்கே வரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் மூச்சே அளவுகோல்.

இன்று மருந்து ஆய்வுகளில் சேர அழைப்பு வந்தால் கவனிக்க வேண்டியதும் இதுவே. பல சிஓபிடி ஆய்வுகள் எஃப்.இ.வி.1 இத்தனை விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்கின்றன. அதிகம் காணும் எல்லை 30 முதல் 80. மேலே கண்ட மனிதர் ஒரு கணக்கில் உள்ளே, இன்னொன்றில் வெளியே. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எந்தச் சமன்பாடு, எந்தக் கட்டம், ஆய்வு முடியும் வரை அதுவேதானா என்று கேளுங்கள். நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் படிவத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சோதனைக்காகப் பம்பை நிறுத்தச் சொன்னால், இடையில் இளைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் செய்யக்கூடியது எளிது. முடிவை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் சீட்டைக் கையில் வாங்குங்கள். லிட்டர் கணக்கு, ஊதல் கோடுகள், அளந்த உயரம், சமன்பாட்டின் பெயர் நான்கும் அதில் இருக்க வேண்டும். அடுத்த முறை வேறு இடத்துக்குப் போனாலும் லிட்டரை லிட்டரோடு ஒப்பிடலாம். நலமான பெரியவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மி.லி. குறையும், ஓரிரு ஆண்டில் பல நூறு மி.லி. சரிந்திருந்தால், விழுக்காடு 80-க்கு மேலே நின்றாலும், மருத்துவரிடம் அந்த இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிறிய கருவிகளில் வருவது கடைரசீதுபோன்ற வெப்பத் தாள். அலமாரியில் வைத்தாலே நாளடைவில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுவாசப் பரிசோதனைப் பணியாளர் ஒருவர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா