படிவம் 4 ஆங்கிலப் பாடவேளை குறித்து ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடக்குழு ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். படிவம் 4, 5 (இடைநிலைப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் ஆண்டு) மாணவர்களின் ஆங்கிலப் பாடவேளைகளில் வாரத்துக்கு ஒன்றையாவது எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் அமைத்து, யாருக்கு எதற்காக ஆங்கிலம் வேண்டும் என்பதைக் கேட்டறிந்து, அதற்கேற்பக் குழு பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, புகுமுக வகுப்பில் மலாய்மொழிக்காக ஓராண்டு செலவிட்டு, அதன்பின் படிவம் 1இல் காலெடுத்து வைத்த பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதே வகுப்பில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையும் இருக்கிறது. ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்குப் போக நினைக்கிறார், ஒருவர் ஆறாம் படிவம் படித்து, பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறார், ஒருவருக்கு வெல்டிங் கற்க ஆசை, இன்னொருவர் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு முடிந்த கையோடு ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழலில் இருக்கிறார். இத்தனை பேருக்கும் ஒரே பயிற்சிப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேர் ஏன் எழுதவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

என்னிடம் வரும் படிவம் 4 மாணவர் ஒருவர், மோட்டார் சைக்கிள் பட்டறை வைக்க வேண்டும் என்ற முடிவோடு இருப்பவர், கட்டுரை என்றால் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். ஒரு நாள் அவர் தம் கைப்பேசியில் என்ஜின் பழுதுபார்க்கும் கையேட்டை எனக்குக் காட்டினார். வால்வு இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தப் பாகம் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று அந்த ஆங்கில அட்டவணையில் விரல் வைத்து வரிவரியாக விளக்கினார். புரியாத சொல்லைத் தாமே தேடியும் பார்த்திருந்தார். வகுப்பில் அவருக்கு ஆங்கிலம் வராது என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கையேட்டிலிருந்து தொடங்கி, உதிரிபாகம் கேட்டுக் கடைக்கு எழுதும் மின்னஞ்சலுக்கு அவரைக் கொண்டுவந்தால், எஸ்.பி.எம். எழுத்துத் தாளின் முதல் பகுதி கேட்கும் 80 சொல் மின்னஞ்சலும் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைய முறையால் இழப்பு உண்டு. எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வை மாணவர்கள் இருவர் இருவராக எதிர்கொள்கிறார்கள்; அதன் கடைசிப் பகுதியில் இருவரும் தங்களுக்குள் கலந்துரையாட வேண்டும். இணையாளர் வாய் திறக்காவிட்டால் மற்றவர் யாரோடு உரையாடுவது? மனப்பாடக் கட்டுரையால் நல்ல புள்ளி வாங்கிப் பழகிய மாணவியும் அங்கே தடுமாறுகிறார், ஏனெனில் மறுகேள்வி கேட்கவும் மாற்றுக் கருத்தைப் பணிவாகச் சொல்லவும் வகுப்பில் அவருக்கு இடம் கிடைத்ததே இல்லை.

2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலமொழிக் கல்விச் சீர்திருத்தத் திட்டம், சி.இ.எஃப்.ஆர். என்ற பன்னாட்டு மொழித்திறன் அளவுகோலின்படி தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டு முடிவில் ஏ2 (அடிப்படை நிலை), படிவம் 5 முடிவில் பி1 அல்லது பி2 (இடைநிலை) என்று இலக்கு வைத்தது. அந்த அளவுகோல், ஒருவரால் அம்மொழியில் என்ன செய்ய முடிகிறது என்பதைப் படிப்படியாக விவரிக்கிறது. அதைக் கொண்டு பிள்ளை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கலாம். நாமோ படிவம் 5இன் இலக்கை மட்டும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். 2021இல் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் படிவம் 3 மாணவர்களுக்கான பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன்பின், பிள்ளையின் நிலையைக் கண்டறியும் பொறுப்பு முன்னைவிடப் பள்ளியின் கையில் அதிகம் இருக்கிறது. படிவம் 4இன் தொடக்கத்தில் சிறிது வாசிக்க வைத்து, சிறிது பேச வைத்து, எதிர்காலத் திட்டம் என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்கினாலே குழு பிரிக்கப் போதுமான விவரம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். குழு பிரித்தல் என்றதும் ‘கடைசி வகுப்பு’ என்ற பழைய முத்திரை நம் பிள்ளைகள்மீது மீண்டும் விழுமோ என்று பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆகவே குழுவைப் புள்ளியால் பிரிக்காமல் தேவையால் பிரிக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை மாறிக்கொள்ள மாணவருக்கு உரிமை வேண்டும். மற்றப் பாடவேளைகளில் எல்லாரும் சேர்ந்தே படிக்க வேண்டும். எழுத்து குழம்பும் டிஸ்லெக்சியா போன்ற சிக்கல் உள்ள பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஒதுக்காமல், தேர்வில் கூடுதல் நேரத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கப் பெற்றோருக்கு வழிகாட்டுவதும் இதில் சேரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஆங்கிலத்துக்கு அக்கட்டாயம் இல்லை. அதனால் ஆங்கிலத்தைக் கைகழுவிவிடலாம் என்று வீட்டிலேயே சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களின் சுமையை அறிவேன். நான்கு குழுவுக்கு நான்கு பாடத்திட்டம் கேட்கவில்லை. அடுத்த தவணையில் இரண்டு குழுக்களோடு தொடங்கினால் போதும். தொழிற்கல்விக் குழுவுக்கான கையேட்டுப் பக்கங்களையும் மின்னஞ்சல் பயிற்சிகளையும் நான் தொகுத்து வைத்திருக்கிறேன், எந்தப் பள்ளி கேட்டாலும் தருகிறேன். வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எனக்கும் பேச ஒரு வாய்ப்பளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆங்கில ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்